ஜெர்மன் வினைத் திரிபு பார்க்க எந்த இலவச அகராதி நல்லது? நான்கு தளங்களும் ஒரு அட்டைச் செயலியும்

ஜெர்மன் வினைகளின் நிகழ்காலத் திரிபைப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் தளங்களில் உருப்படியானவை நான்கு: ஜெர்மன் விக்சனரி, டூடன், டி.டபிள்யூ.டி.எஸ்., வெர்ப்ஃபோர்மன். பார்த்ததை மனதில் ஏற்ற அங்கி என்ற அட்டைச் செயலி. ஐந்தையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறோம்: வினை எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டுகிறதா? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படிக்க விக்சனரி, சட்டென்று சரிபார்க்க டி.டபிள்யூ.டி.எஸ்., சந்தேகம் தீர்க்க டூடன், முழு அட்டவணை வேண்டுமானால் வெர்ப்ஃபோர்மன். அங்கி அருமையான கருவிதான், ஆனால் அதில் பிறர் செய்து வைத்த அட்டைக் கட்டுகளை எடுக்க வேண்டாம்.

ஏன் இந்த அளவுகோல்? நிகழ்காலத்தில் ஒரு வினைக்கு இஷ் (நான்), டூ (நீ), எர் (அவன்), வீர் (நாங்கள்), ஈர் (நீங்கள்), ஸீ (அவர்கள்) என்று ஆறு கட்டங்கள். முறை மாறிய வினையாக இருந்தாலும் இவற்றில் நான்கு கட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். உயிரெழுத்து மாறுவது டூ என்ற முன்னிலை ஒருமையிலும், எர் என்ற படர்க்கை ஒருமையிலும் மட்டும்தான். ஃபாரன் (வண்டியில் போ) என்ற வினையைப் பாருங்கள்: இஷ் ஃபார, டூ ஃபேர்ஸ்ட், எர் ஃபேர்ட், வீர் ஃபாரன், ஈர் ஃபார்ட், ஸீ ஃபாரன். ஆறு வரி அட்டவணையை ஆறையும் ஒரே எடையில் அச்சடித்துக் கொடுத்தால், படிப்பவர் தேவையில்லாத நான்கைச் சேர்த்து உருப்போடுகிறார், தேவையான இரண்டு அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. தமிழ் பேசுபவருக்கு இது கூடுதல் சிக்கல். நம் மொழியில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று விகுதிதான் மாறும், ஆள் மாறியதற்காக வினையடி மாறாது. அதனால் கை தானாக 'எர் ஹெல்ஃப்ட்' என்று எழுதும். சரியானது எர் ஹில்ஃப்ட் (அவன் உதவுகிறான்).

முதலில் விக்சனரி

ஜெர்மன் விக்சனரியில் எந்த வினையைத் திறந்தாலும் வலப்பக்கம் ஒரு சிறிய பெட்டி இருக்கும். நிகழ்காலத்துக்கு அதில் மூன்றே வரிகள்: இஷ், டூ, எர்-ஸீ-எஸ் (அவன்-அவள்-அது). அதன்கீழ் இறந்தகாலம், ஏவல், எச்சம், துணைவினை. ஒழுங்காக இருக்கும் பன்மை வரிகளை அந்தப் பெட்டி காட்டுவதே இல்லை. மாறாத இஷ், மாறிய டூ, மாறிய எர் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதால் வேறுபாடு கண்ணில் குத்தும். ஐன்லாடன் (அழை, விருந்துக்குக் கூப்பிடு) போன்ற பிரியும் வினைகளுக்கும் 'லாட ஐன், லேட்ஸ்ட் ஐன், லேட் ஐன்' என்று முன்னொட்டைப் பிரித்து வைத்தே காட்டும். புதிதாகப் படிப்பவர் முன்னொட்டை எங்கே வைப்பது என்று குழம்பும் இடம் இது என்பதால் இந்த உதவி பெரிது.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. 'நிம்ஸ்ட்' போன்ற திரிந்த வடிவங்களுக்கும் அங்கே பெரும்பாலும் தனிப் பக்கம் உண்டு. எங்கோ படித்த வடிவத்தை அப்படியே தேடினால் மூலவினை எது, எந்த இடத்துக்கான வடிவம் என்று சொல்லிவிடும். கூடவே உலக ஒலிக்குறியில் உச்சரிப்பு. அந்தக் குறியில் உயிரெழுத்துக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறு முக்கோணங்கள் வந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். நிகழ்காலத் திரிபில் தமிழருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம் இந்தக் குறில்-நெடில்தான். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எகர வினைகள் இரண்டு வகையாக மாறும் என்று எல்லாப் பாடத்திலும் எழுதியிருப்பார்கள். சில வினைகளில் 'இ' மட்டும், சில வினைகளில் 'இ'யோடு 'எ' சேர்ந்த இரட்டை எழுத்து. எது எந்த வகை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காதில் கேட்டால் பட்டியல் தேவையில்லை. மூலவினையில் எகரம் குறிலாக ஒலித்தால் மாறி வருவதும் குறில் இகரம்: ஹெல்ஃபன்–ஹில்ஃப்ட் (உதவு), எஸ்ஸன்–இஸ்ட் (சாப்பிடு), ட்ரெஃபன்–ட்ரிஃப்ட் (சந்தி), வெர்ஃபன்–விர்ஃப்ட் (எறி). மூலத்தில் ஏகாரம் நெடிலாக ஒலித்தால் மாறி வருவதும் நெடில் ஈகாரம், அதுதான் இரட்டை எழுத்து: லேஸன்–லீஸ்ட் (படி), ஸேயன்–ஸீட் (பார்), ஷ்டேலன்–ஷ்டீல்ட் (திருடு), எம்ப்ஃபேலன்–எம்ப்ஃபீல்ட் (பரிந்துரை). எ, ஏ இரண்டையும் தனித்தனி எழுத்தாகச் சின்ன வயதிலிருந்து பிரித்துப் பழகிய காதுக்கு இது எளிது.

இதை மீறும் வினைகளில் அன்றாடம் வருபவை நான்கு. நேமன் (எடு) நெடிலில் தொடங்கி நிம்ஸ்ட், நிம்ட் என்று குறிலாகும். குறிலானதால் எழுத்தில் 'ம்' இரட்டிக்கும், மூலத்தில் இருந்த மௌனமான 'ஹ' காணாமல் போகும். ட்ரேட்டன் (மிதி, அடியெடுத்து வை) இதே பாணியில் ட்ரிட்ஸ்ட், ட்ரிட் ஆகும், 'ட்' இரட்டிக்கும். வேர்டன் (ஆகு) விர்ஸ்ட், விர்ட் ஆகும். கேபன் (கொடு) தனி ரகம்: கீப்ஸ்ட், கீப்ட் என்று நெடிலாகவே ஒலிக்கும், எழுத்தில் மட்டும் ஒற்றை 'இ'. காதை நம்பி எழுதுபவர் இங்கே இரட்டை எழுத்துப் போட்டுவிடுவார். இந்த நான்கையும் விக்சனரிப் பெட்டியில் அருகருகே திறந்து பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

அகர வினைகளில் இந்தக் கணக்கு இன்னும் சுத்தம். குறில் அகரம் குறில் எகரமாகும், நெடில் ஆகாரம் நெடில் ஏகாரமாகும்: ஹல்ட்டன்–ஹெல்ட் (பிடி, நிறுத்து), ஷ்லாஃபன்–ஷ்லேஃப்ட் (தூங்கு). எழுத்தில் அகரத்தின் தலையில் இரு புள்ளி ஏறும், அதுதான் உம்லவுட். லவுஃபன் (ஓடு) லொய்ஃப்ட் ஆகும். ஷ்டோஸன் (மோது, தள்ளு) வினையில் ஓகாரத்தின் மேல் புள்ளி ஏறும்.

விக்சனரியின் குறைகள் இரண்டு. பெட்டியின் அடியில் உள்ள 'பிற வடிவங்கள்' இணைப்பை அழுத்தினால் ஒரு பெரிய பக்கம் திறக்கும். செயப்பாட்டு வினையிலிருந்து எல்லாக் காலங்களும் அங்கே குவிந்திருக்கும். நிகழ்காலம் தேடி அங்கே போக வேண்டாம். இரண்டாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. ஜெர்மனில் பெயர்ச்சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், அதனால் எஸ்ஸன் என்ற வினைக்கு ஒரு பக்கம், 'சாப்பாடு' என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு பக்கம். கைபேசி விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். பெட்டியில் வினை வடிவங்களுக்குப் பதிலாக வேற்றுமை வடிவங்கள் வந்தால் காரணம் இதுதான். முதல் எழுத்தைச் சிறிதாக்கித் திரும்பத் தேடுங்கள்.

டி.டபிள்யூ.டி.எஸ்.

பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் அகராதி இது. ஒவ்வொரு வினைக்கும் தலைப்பிலேயே ஒரு வரி: படர்க்கை ஒருமை நிகழ்காலம், இறந்தகாலம், முற்று எச்சம். ஹெல்ஃபனுக்கு 'ஹில்ஃப்ட்' என்று முதல் சொல்லிலேயே விடை வந்துவிடும். அந்த ஒரு சொல் தெரிந்தால் டூ வடிவத்தை நீங்களே கட்டிக்கொள்ளலாம்: கடைசி 'ட்'டை எடுத்துவிட்டு 'ஸ்ட்' சேருங்கள். ஹில்ஃப்ட்–ஹில்ஃப்ஸ்ட், ஃபேர்ட்–ஃபேர்ஸ்ட். வினையடி ஸகர ஒலியில் முடிந்தால் கூடுதல் 'ஸ்' வராது, இரண்டும் ஒன்றாகிவிடும்: டூ லீஸ்ட், எர் லீஸ்ட், டூ லெஸ்ட், எர் லெஸ்ட் (லஸ்ஸன், விடு).

இந்தக் கணக்கு தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதையும் தலைப்பு வரியே காட்டிக்கொடுக்கும். வினையடி 'ட்' ஒலியில் முடிந்தால் நிகழ்காலத்தில் உயிரெழுத்து மாறாத வினைகளில் நடுவே ஓர் எகரம் நுழையும்: எர் ஆர்பைட்டெட் (வேலை செய்கிறான்), எர் ஃபின்டெட் (கண்டுபிடிக்கிறான்). உயிரெழுத்து மாறும் வினைகளில் அந்த எகரம் நுழையாது: எர் ஹெல்ட், எர் ரேட், எர் லேட், எர் ட்ரிட், எர் கில்ட். 'எர் ஹெல்ட்டெட்' என்று எழுதுவது இடைநிலை மாணவர்களும் செய்யும் பிழை. டூவுக்கு ஹெல்ட்ஸ்ட், லேட்ஸ்ட். ஈர் என்ற முன்னிலைப் பன்மையில் உயிரெழுத்து மாறாது, ஆகவே எகரம் திரும்ப வந்துவிடும்: ஈர் ஹல்ட்டெட், ஈர் லாடெட், ஈர் ட்ரேட்டெட். காரணம் புரிந்தால் மறக்காது: உயிரெழுத்து மாற்றமே ஆளைக் காட்டிவிட்ட இடத்தில் விகுதியை நீட்டத் தேவையில்லை.

இந்த அகராதியில் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று காட்டும் ஓர் அளவுகோலும் இருக்கிறது. எந்த வினையை முதலில் படிப்பது என்று முடிவு செய்ய அது உதவும். குறை: முழு அட்டவணையைத் தேடி வருபவருக்கு இது ஏமாற்றம் தரும்.

டூடன்

1880-இல் கொன்ராட் டூடன் வெளியிட்ட எழுத்திலக்கண அகராதியின் வழிவந்தது. வழக்குத் தகராறு என்றால் இங்கேதான் போக வேண்டும். பக்கன் (ரொட்டி சுடு) வினைக்கு எர் பெக்ட், எர் பக்ட் இரண்டும் செல்லும் என்பதை டூடனில் உறுதி செய்துகொள்ளலாம். ஃப்ராகன் (கேள்) ஒழுங்கு வினை, எர் ஃப்ராக்ட் என்பதே பொது வழக்கு. பேச்சில் காதில் விழும் 'ஃப்ரேக்ட்' வட்டார வழக்கு. தேர்வுத் தாளில் எழுத வேண்டாம்.

ஆனால் படிப்பதற்கு டூடனை முதல் கருவியாக வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு காரணங்களால். முதலாவது, 'வலிய வினை' (உயிரெழுத்து மாறும் வினை) என்ற முத்திரை. ஷ்ரைபன் (எழுது), ட்ரிங்கன் (குடி), கொம்மன் (வா) எல்லாம் வலிய வினைகளே, ஆனால் நிகழ்காலத்தில் இவற்றில் எதுவும் மாறாது, மாற்றமெல்லாம் இறந்தகாலத்தில். கேயன் (போ), ஷ்டேயன் (நில்) இரண்டும் நெடில் ஏகாரம் கொண்டவை, இறந்தகாலத்தில் அடையாளமே தெரியாமல் மாறுபவை, ஆனால் நிகழ்காலத்தில் சாதுவாக கேஸ்ட், கேட் என்றே வரும். முத்திரையைப் பார்த்து நிகழ்காலத்தைக் கணிக்க முடியாது. பாடநூல்களின் பின்னட்டைப் பட்டியல்களிலும் இதே கோளாறு: மூலம், இறந்தகாலம், எச்சம் என்று மூன்று பத்திகள் மட்டும் இருந்தால் அந்தப் பட்டியல் நிகழ்காலத்துக்கு உதவாது. படர்க்கை ஒருமைக்கு நான்காவது பத்தி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இரண்டாவது காரணம் அட்டவணையின் அமைப்பு. டூடனில் நேர்க்கூற்று வடிவமும், பிறர் சொன்னதாகச் சொல்லும் கூற்று வடிவமான கொன்யுங்க்டிவ் 1-உம் பக்கம் பக்கமாக நிற்கும். அவசரத்தில் வலப்பத்தியை நகலெடுத்தால் 'எர் ஹெல்ஃப', 'எர் ஹாப' என்று வந்துவிடும். படர்க்கை ஒருமை அகர ஒலியில் முடிந்தால் தப்பான பத்தியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மொஷ்ட (விரும்புகிறேன், வேண்டும்) ஒன்றுதான் அப்படி முடிந்தும் நிகழ்காலம் போலவே அன்றாடம் புழங்குவது. அதன் பிறப்பு கொன்யுங்க்டிவ் 2-இல் (கற்பனை, விருப்பம் சொல்லும் வடிவம்) என்பதால்தான் அந்த வால். பக்கத்தில் விளம்பரங்களும் வரும், சிறிய திரையில் அது தொந்தரவு.

வெர்ப்ஃபோர்மன்

முழு அட்டவணை, விகுதிக்கும் மாறிய எழுத்துக்கும் வண்ணம், அச்செடுக்கக் கோப்பு. வினை எந்த இடத்தில் மாறுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதியும் வைத்திருப்பார்கள்: நிகழ்காலத்திலும் ஏவலிலும் எகரம் இகரமாகும் என்று. 'ஏவலிலும்' என்ற அந்தச் சொல் பொன்னானது. எகர வினைகள் மட்டுமே ஏவலிலும் மாறும்: கிப் (கொடு), நிம் (எடு), லீஸ் (படி), இஸ் (சாப்பிடு). அகர வினைகள் ஏவலில் பழைய நிலைக்கே திரும்பும்: ஃபார், ஷ்லாஃப், லவுஃப். 'ஃபேர்' என்று ஏவுவது பிழை. வண்ணம் தீட்டியதால் மாறும் இடம் தெரிகிறது, ஆனால் பக்கத்தில் தகவல் அதிகம். தொடக்க நிலையில் இருப்பவர் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தளம் பார்த்துப் பயனில்லாதவை

சில வினைகளுக்கு எந்த அட்டவணையும் குறுக்குவழி தராது. ஸைன் (இரு): பின், பிஸ்ட், இஸ்ட், ஸிண்ட், ஸைட், ஸிண்ட். இதை அப்படியே விழுங்க வேண்டும். இதன் 'இஸ்ட்'டும் எஸ்ஸனின் 'இஸ்ட்'டும் ஒலியில் ஒன்றே. சாப்பிடுவதற்கு இரண்டு 'ஸ்'. ஹாபன் (உடைமை): ஹாப, ஹஸ்ட், ஹட், ஹாபன், ஹாப்ட், ஹாபன், டூவிலும் எர்ரிலும் 'ப்' விழும், நெடில் குறிலாகும். விஸ்ஸன் (அறி): வைஸ், வைஸ்ட், வைஸ், விஸ்ஸன், விஸ்ட், விஸ்ஸன்.

விஸ்ஸனின் அச்சிலேயே துணைவினைகளும் வரும்: ஒருமை மூன்றும் ஓர் உயிரில், பன்மை மூன்றும் இன்னோர் உயிரில், இஷ்ஷும் எர்ரும் ஒன்றே, விகுதி கிடையாது. கொன்னன் (முடியும்) கன், கன்ஸ்ட், கன். முஸ்ஸன் (கட்டாயம் செய்ய வேண்டும்) முஸ், முஸ்ட், முஸ். டுர்ஃபன் (அனுமதி) டர்ஃப். வொல்லன் (விரும்பு) வில். மோகன் (பிடிக்கும்) மாக். ஸொல்லன் (செய்ய வேண்டும்) மட்டும் உயிர் மாறாமல் ஸொல். 'எர் கன்ட்' என்று 'ட்' ஒட்டுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

பழைய அட்டவணைகளை நகலெடுத்துப் போட்டிருக்கும் கோப்புகளிலும் கவனம் வேண்டும். 1996-இல் முடிவாகி 1998 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில், குறிலுக்குப் பின் வந்த எஸ்-ட்செட் (ß) எழுத்து இரட்டை 'ஸ்' ஆனது. இஸ்ட், லெஸ்ட், முஸ் மூன்றிலும் எஸ்-ட்செட் இருந்தால் அது சீர்திருத்தத்துக்கு முந்தைய பட்டியல். வைஸ், ஷ்டோஸ்ட் இரண்டிலும் அது இன்றும் நிற்கும், ஏனென்றால் ஒன்றில் இணையுயிர், மற்றதில் நெடில்.

அங்கி

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. இடைவெளி விட்டுத் திருப்பிக் கேட்கும் முறை வினைத் திரிபுக்குப் பொருத்தமானது. கோளாறு, பகிர்ந்து வைத்திருக்கும் கட்டுகளில் பலவும் ஆறு வடிவங்களை ஒரே அட்டையில் அடுக்கியிருப்பதுதான். ஐந்து சரி, ஒன்று தப்பு என்றால் எந்தப் பொத்தானை அழுத்துவது? 'மறந்தேன்' என்றால் தெரிந்த ஐந்தும் மறுபடி வரும், 'தெரியும்' என்றால் தெரியாத ஒன்று நழுவிவிடும்.

நீங்களே செய்யுங்கள். ஒரு வினைக்கு இரண்டு அட்டைகள்: ஒன்று எர், மற்றது ஈர். எர் அட்டை மாற்றத்தைச் சோதிக்கும். ஈர் அட்டை, மாறக்கூடாத இடத்தில் மாற்றிவிடுகிறீர்களா என்று சோதிக்கும். மாற்றத்தைப் படித்த வேகத்தில் 'ஈர் ஃபேர்ட்' என்று எழுதுபவர்கள் நிறைய. தொடங்குவதற்கு இந்த 24 போதும்: கேபன், நேமன், எஸ்ஸன், ஹெல்ஃபன், ஷ்ப்ரெஷன், ட்ரெஃபன், வெர்ஃபன், ஃபெர்கெஸ்ஸன், ஸேயன், லேஸன், எம்ப்ஃபேலன், ஷ்டேலன், ஃபாரன், ஷ்லாஃபன், ட்ராகன், வஷன், லஸ்ஸன், ஃபல்லன், ஹல்ட்டன், லாடன், ராட்டன், ஷ்லாகன், லவுஃபன், ஷ்டோஸன். அட்டை 48. துணைவினை ஆறுக்கு 12. ஸைன், ஹாபன், வேர்டன், விஸ்ஸன், டூன் (செய்) ஐந்துக்கும் வடிவத்துக்கு ஒன்றாக (வீரும் ஸீயும் ஒன்றே என்பதால் ஐந்தைந்து) 25. மொத்தம் 85. செயலி தானாக வைத்திருக்கும் நாளுக்கு 20 புதிய அட்டை என்பதை 6 ஆகக் குறைத்தால் 15 நாளில் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

பதிலைத் தட்டச்சு செய்யும் அட்டை வகையைத் தேர்ந்தெடுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் புள்ளி வைத்தோமா, 'ம்' இரட்டித்ததா என்று தெரியாது. அந்த வகை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வண்ணத்தில் காட்டும். புள்ளிக்குப் பதிலாகப் பக்கத்தில் எகரம் போட்டு எழுதும் மாற்று முறையை அது தப்பென்றே கணக்கிடும், ஆகவே ஜெர்மன் விசைப்பலகையை முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அகர எழுத்தை அழுத்திப் பிடித்தாலும் புள்ளி வைத்த எழுத்து மேலே வரும்.

புதிதாக ஏதாவது தளமோ செயலியோ கண்ணில் பட்டால் மூன்று வினைகளைக் கொடுத்துப் பாருங்கள். பெஆன்ட்ராகன் (விண்ணப்பி): ட்ராகன் போலத் தெரிந்தாலும் 'விண்ணப்பம்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த ஒழுங்கு வினை, எர் பெஆன்ட்ராக்ட் என்றே வர வேண்டும், புள்ளி கூடாது. ஃபெர்ஆன்லஸ்ஸன் (ஏற்பாடு செய்): இதுவும் ஒழுங்கு வினை, லஸ்ஸனின் 'லெஸ்ட்' இங்கே வராது. ஹன்ட்ஹாபன் (கையாள்): எர் ஹன்ட்ஹாப்ட். 'ஹன்ட்ஹட்' என்று காட்டினால் அந்தச் செயலி வினையின் வாலைப் பார்த்து ஊகிக்கிறது, மூடிவிடலாம்.